ஜெபசிங் மாஸ்டரின் வலது தோள்

மாவு ஜெபசிங்கின் காலில் விழுந்ததைப் பார்த்தது இரண்டே பேர். ஒன்று அவன், இன்னொன்று நான்.

பரோட்டா மாஸ்டர் மாவு வீசுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தட்டிப் பரத்திய மாவின் ஓரத்தைப் பிடித்து, தோளுக்கு மேலே தூக்கிச் சுழற்றி, மேசையில் அடிப்பார்கள். அடிக்க அடிக்க அது விரிந்து கண்ணாடி மாதிரி ஆகும். அன்றைக்கு ஜெபசிங்கின் வலது கை தோள் மட்டம் வரை போனது, அங்கேயே நின்றது, பிறகு சட்டென்று கீழே தொங்கிவிட்டது. மாவு நழுவி அவன் பாதத்தின் மேல் விழுந்தது. அவன் குனிந்து அதை எடுக்கவில்லை. யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தான். எதிரே பார்சல் மேசையில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த என்னிடம் அவன் கண் வந்து நின்றது. பேயறைந்தவன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"எண்ணெக் கையி யக்கா, வழுக்கிட்டு" என்றான்.

இருபது வருஷத்துக்கு மேலாக எண்ணெய்க் கையோடு நிற்கிறவனுக்கு அன்றைக்குத்தான் வழுக்குமாம். நான் குனிந்து வெங்காயத்தை வெட்ட ஆரம்பித்தேன்.

ஜெபசிங் செங்கோட்டைக்காரன். பள்ளிக்கூடம் பிடிக்காமல் மாவு பிசையப் போனவன், பிசைந்து பிசைந்தே மாஸ்டராகி, குற்றாலம் ரோட்டில் இருக்கும் எங்கள் வீரபாகு அண்ணாச்சி கடைக்கு வந்து சேர்ந்தான். நான் உலகம்மை, அந்தக் கடையில் வெங்காயமும் பார்சலும் என் பொறுப்பு. இலஞ்சியில் என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளித்தான் அவன் குடியிருக்கிறான். அவன் பெண்டாட்டி ரூபி தையல் மெஷின் போட்டிருக்கிறாள். என் ஜாக்கெட் எல்லாம் அவள் தைத்ததுதான், கையை எப்போதும் இறுக்கமாகத்தான் வைப்பாள், சொன்னால் கேட்கமாட்டாள்.

ஜெபசிங் எதற்கும் பயப்படுகிற ஆள் இல்லை. கடைக்குள் நல்ல பாம்பு வந்தபோது நாங்கள் எல்லாம் பெஞ்சு மேல் ஏறினோம், அவன் கரண்டியை வைத்துக்கொண்டு அதற்கு வழிகாட்டினான். அவனுக்கு ஒரே ஒரு பயம்தான் இருந்தது, அது அவனுடைய வலது கையைப் பற்றியது.

அதற்குக் காரணம் உண்டு. அவனுக்கு முன்னால் எங்கள் கடையில் இருந்த மாஸ்டருக்குத் தோள் போய்விட்டது. வேலையை விட்டுவிட்டு வடகரையில் மகன் வீட்டோடு போய்விட்டார். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஜெபசிங் கேக் எடுத்துக்கொண்டு அவரைப் பார்க்கப் போனான். மறுநாள் சாயங்காலம் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான்.

"யக்கா, மருமவ ஊட்டிவிடுதா. அவரு வாயத் தொறந்துகிட்டு உக்காந்திருக்காரு. வலது கை மடியில கெடக்கு, யாரோ போட்டுட்டுப் போன துண்டு மாதிரி. எனக்கு அப்படி வந்துட்டா நான் என்ன செய்வேன்?"

அதற்குப் பிறகு கோயிலில் ஜெபம் பண்ணும்போது இடது கையை வலது தோளின் மேல் வைத்துக்கொள்வானாம், ரூபி சொல்லுவாள். நாங்கள் சிரிப்போம்.

மாவு காலில் விழுந்த நாளுக்கு அப்புறம் நான் அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஆணியில் தொங்கும் சட்டையை இடது கையால் எடுத்தான். தலை சீவும்போது கையைத் தூக்காமல் தலையைக் குனிந்து சீப்புக்குக் கொடுத்தான். வலது பக்கமாகப் படுக்கவே முடிவதில்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டே தூங்குகிறான் என்று ரூபி சொன்னாள். வீசுகிற வேலையை இரண்டாம் மாஸ்டரிடம் தள்ளிவிட்டு அவன் கல்லுக்குப் போய்ப் புரட்டிப் போடுகிற வேலையை எடுத்துக்கொண்டான். கூட்டம் சேர்ந்துவிட்டால் அதுவும் நடக்காது. மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு சாப்பிட வந்தோமா போனோமா என்று கிடையாது. போனைத் தூக்கிக்கொண்டு, "மாஸ்டர், வீடியோ எடுக்கிறோம், கொஞ்சம் உயரமா வீசுங்க" என்பார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வீசுவான். அந்த போனைப் பிடுங்கி சால்னா சட்டியில் போடலாமா என்று எனக்கு இருக்கும்.

"டாக்டர்கிட்டப் போயேம்லே" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன்.

"போனா அவரு ஒரு பேரு சொல்லுவாரு யக்கா. பேரு சொல்லிட்டாருன்னா அது உண்மையாயிரும். இப்ப வெறும் வலிதான். வலி போயிரும்லா?"

பயந்தவனிடம் நியாயம் பேசினால் அவன் இன்னும் தூரமாகப் போய்விடுவான். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். ஒருத்தர் தைலம் கொடுத்தார், ஒருத்தர் பிளாஸ்திரி கொடுத்தார், வீரபாகு அண்ணாச்சி யாரோ அனுப்பிய வீடியோவைக் காட்டினார். அதற்குள் சாரல் பிடித்து, மலை மேல் மேகம் இறங்கி, அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டது. அதோடு மற்ற வைத்தியமெல்லாம் நின்றுபோயிற்று. எங்கள் ஊரில் யாருக்கு எங்கே வலித்தாலும் கடைசியில் சொல்வது ஒன்றுதான்: போய் அருவியில் நில், எல்லாம் சரியாகிவிடும்.

அவனும் போனான். காலையில் கடை திறக்குமுன் போய், எண்ணெய் தேய்த்துவிடுகிறவரிடம் தோளைக் கொடுத்து நன்றாக அமுக்கச் சொல்லி, பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் நேராகத் தோளில் விழுகிற இடமாகப் பார்த்து நிற்பான். அந்தத் தண்ணீர் எப்படி அடிக்கும் என்பது நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் தோள் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. விறைத்துப் போய்விடும். அப்படி விறைத்த தோளோடு கடைக்கு வந்து, என் முன்னால் நின்று, கையை மேலே தூக்கிக் காட்டினான்.

"பாத்தியளா? வலியே இல்ல!"

அவன் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எங்கள் தண்ணீர் கைவிடாது என்று நானும் நினைத்தேன். மத்தியானத்துக்குள் விறைப்பு இறங்கி வலி திரும்பி வந்துவிடும், அவன் முகம் சுருங்கிவிடும். மறுநாள் காலையில் மறுபடி அருவி.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மெயின் ரோட்டில் கார்கள் நகர வழியில்லாமல் நிற்கிற மாதிரிக் கூட்டம். அன்றைக்கு ஜெபசிங் ஒரு யோசனை பண்ணினான். காலையில் போனால் மத்தியானமே வலி வந்துவிடுகிறது, சாயங்கால வியாபாரத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டு வந்தால் கடை அடைக்கிற வரை தாங்கும். அருவிக்குப் பக்கத்திலேயே வேலை பார்க்கிறவனுக்குத்தான் இப்படி ஒரு யோசனை வரும். ஈரத் தலையோடு வந்து நேராக மேசைக்கு முன்னால் நின்றான். இரண்டாம் மாஸ்டரைக் கல்லுக்கு அனுப்பிவிட்டு, "இன்னைக்கு வீச்சு என்னுது" என்றான்.

என்ன வீச்சு அது! மாவு அவன் தலைக்கு மேலே போய் வந்தது. வாசலில் நின்றவர்கள் எல்லோரும் போனை எடுத்துவிட்டார்கள். அவனும் மாப்பிள்ளை மாதிரி நின்று வீசினான். வலி இல்லாததால் எங்கே நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. பாதி கூட்டம்கூடச் சாப்பிட்டு முடிக்கவில்லை, திடீரென்று நின்றான். சத்தம் எதுவும் எனக்குக் கேட்கவில்லை. தனக்குள்ளே கேட்டது என்று பிறகு சொன்னான், ஈரத் துணியைக் கிழிக்கிற மாதிரி. இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அப்படியே மேசைக்குப் பின்னால் மடங்கி உட்கார்ந்தான். நான் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"போச்சு யக்கா. கை போச்சு" என்றான். அழவில்லை.

வீரபாகு அண்ணாச்சி கல்லாவை அப்படியே போட்டுவிட்டுத் தன் காரிலேயே, நெரிசலில்லாத இலஞ்சி வழியாக, ரூபியையும் ஏற்றிக்கொண்டு தென்காசிக்குக் கூட்டிப் போனார். ரூபியும் நானும் பின்னால் உட்கார்ந்திருந்தோம். ரூபி வழியெல்லாம் "இயேசப்பா, இயேசப்பா" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. மறுநாள் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு பொறுமையாகத்தான் சொன்னார். தசை போய் எலும்போடு சேருகிற இடத்தில் நார் ஒன்று இருக்கிறது, அது ரொம்ப நாளாகவே நைந்திருக்கிறது, இப்போது பாதி கிழிந்திருக்கிறது. மீதி பாதி உறுதியாக இருப்பதால் ஆபரேஷன் இப்போது வேண்டாம். இரண்டு வாரம் கையைக் கழுத்திலிருந்து தொங்கும் துணித் தொட்டிலில் போட்டு ஓய்வு கொடுக்க வேண்டும், அப்புறம் கட்டாயமாகப் பயிற்சி செய்ய வேண்டும். வலி என்பது உடம்பு போடுகிற சத்தம், அதைத் தண்ணீரில் விறைக்க வைத்துவிட்டு வேலை செய்தால் நார் எப்படித் தாங்கும் என்று கொஞ்சம் கோபமாகவும் கேட்டார்.

நாங்கள் எல்லோரும் எல்லாவற்றையும் கேட்டோம். ஜெபசிங் காதில் விழுந்தது ஒரே ஒரு வார்த்தை, கிழிந்திருக்கிறது என்பது.

இதற்கு மேல்தான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. இரண்டு வாரம் ஆயிற்று, மூன்று ஆயிற்று, அவன் கையைத் தொட்டிலிலிருந்து எடுக்கவில்லை. தொட்டில் ஆடுகிறது என்று அதற்கு மேல் ஒரு துண்டைப் போட்டு மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டான். பயிற்சி சொல்லித்தர தென்காசியில் நிலோபர் என்று ஒரு பிசியோதெரபிஸ்ட்டுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அங்கே போகவே இல்லை. கேட்டால், "மீதி பாதியும் கிழிஞ்சிட்டா யாரு பொறுப்பு?" என்றான். தெருவில் பையன்கள் இடித்துவிடுவார்கள் என்று வெளியே வரவில்லை. கோயிலுக்குப் போனால் கை கொடுப்பார்கள் என்று ஞாயிறு ஆராதனைக்கும் போகவில்லை. ரூபி அவன் பக்கத்தில் கட்டிலில் படுக்கக்கூடாது, கீழேதான் படுக்க வேண்டும்.

ஒரு நாள் ரூபி தைத்த ஜாக்கெட்டைக் கொடுக்கிற சாக்கில் வந்து, என் வீட்டு நடையில் உட்கார்ந்து அழுதாள்.

"சட்டைய மாத்தும்போது பாத்தேன் யக்கா. அந்தக் கையி மட்டும் சூம்பிப் போச்சு. தோள்ல எலும்பு துருத்திக்கிட்டு நிக்கி. அவுக கண்ணாடியே பாக்கதில்ல. எனக்குப் பயமா இருக்கு."

நான் மறுநாள் மத்தியானம் போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. அறை முழுக்கத் தைல வாடை. அவன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிய தம்ளரை மடியில் வைத்திருக்கிறவன் மாதிரி அசையாமல். ஆறடி ஆள் அப்படி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்குப் பரிதாபம் வர வேண்டும், ஆனால் கோபம்தான் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

"ஏலே, நீ பரோட்டா மாஸ்டர்தானே? மாவப் பிசைஞ்ச கையோட வீசுவியா?"

"இல்ல. ஊற விடணும்."

"ஊற விடாம வீசினா?"

"கிழிஞ்சிரும்."

"அதான் கிழிச்சுக்கிட்ட. சரி, ஊறின மாவ எடுக்காம அப்படியே போட்டு வச்சா?"

தெரியாதவனா அவன்? மேலே காய்ந்து தோல் கட்டிக்கொள்ளும், அப்புறம் இழுத்தால் விரியாது. நான் வெற்றி பெற்றுவிட்டதாக நினைத்தேன்.

"மாவு கிழிஞ்சா உருட்டிப் போட்டு மறுபடி வீசலாம் யக்கா" என்றான். "கையிக்கு அப்படிச் செய்ய முடியுமா? எனக்கு இருக்கது ஒண்ணுதான்."

அப்போது ரூபி சோற்றுத் தட்டோடு உள்ளே வந்தாள். என்னைப் பார்த்து, "நீங்களும் ஒரு வாய் சாப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். சாம்பாரையும் சோற்றையும் பிசைந்து, ஒரு கவளம் உருட்டி, அவன் பக்கம் நீட்டினாள். அவன் வாயைத் திறந்தான். இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை, நாள்தோறும் நடக்கிற காரியம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. ரூபிக்குத்தான் முதலில் உறைத்தது. அவள் கை பாதியில் நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு அவனும் என்னைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான், தன் மடியில் கிடந்த கையைப் பார்த்தான்.

வாயை மூடிக்கொண்டான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அப்படிச் சத்தம் போட்டு அழுது நான் கேட்டதில்லை. ரூபி கவளத்தை வைத்துக்கொண்டே அழுதாள். நான் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தேன், வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

வெகு நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே கேட்டான்: "அந்தப் பிசியோ எடத்துக்கு எந்த பஸ்ஸுல போணும்?"

தென்காசியில் ஒரு மெடிக்கல் கடை மாடியில் நிலோபரின் அறை, நானும் கூடப் போயிருந்தேன். ஆய்க்குடி மறுவாழ்வு மையத்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு சொந்தமாக ஆரம்பித்தவள், முப்பது வயசு இருக்கும். துண்டை அவள்தான் அவிழ்த்தாள். அவிழ்த்ததும் அவன் இடது கையால் தோளைப் பொத்திக்கொண்டான். அவள் அவசரப்படவில்லை. அவன் முழங்கையைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு, மெல்ல, மெல்லத் தூக்கினாள். மார்பு மட்டத்துக்கு வந்ததும் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிட்டது. அவன் நெற்றியிலிருந்து வியர்வை என் கை மேல் விழுந்தது.

"கிழிஞ்ச நாரு ஓரளவு ஆறிட்டு அண்ணாச்சி" என்றாள் நிலோபர். "இப்ப உங்களுக்குப் பிரச்சினை அது இல்ல. நீங்க கட்டி வச்சதுதான். வேலை குடுக்காத தசைய உடம்பு வச்சுக்காது, கரைச்சிரும். மூட்டைச் சுத்தி ஒரு சவ்வு இருக்கு, அசைக்காம விட்டா அது சுருங்கி ஒட்டிக்கிடும். இன்னும் ரெண்டு மாசம் இப்படியே இருந்திருந்தா நானே கைய விரிச்சிருப்பேன்."

"தூக்கும்போது கிழிஞ்சிட்டா?"

"கிழியாம தூக்கத்தான் நான் இருக்கேன். பிடிச்சு இழுக்க மாதிரி மந்தமா வலிச்சா செய்யலாம். சுருக்குனு குத்தினா நிறுத்தணும். செஞ்சு முடிச்ச பெறவு ராத்திரியெல்லாம் வலிச்சா மறுநாள் குறைக்கணும். வலிய அமுக்கவும் கூடாது, அதப் பாத்து ஓடவும் கூடாது. அது சொல்லுதத கேக்கணும்."

முதலில் குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டச் சொன்னாள். பிறகு சுவரைப் பார்த்து நின்று, விரலாலேயே சுவரில் படிப்படியாக ஏற வேண்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல், ஆள்காட்டி விரல். தோளுக்குள் 'கடக்' என்று ஒரு சத்தம் கேட்டதும் அவன் முகம் வெளுத்துவிட்டது. "அறுந்துட்டா?" என்றான். "இல்ல" என்றாள். இன்னொரு சத்தம். "அறுந்துட்டா?" "இல்ல அண்ணாச்சி." அன்றைக்கு அவள் எத்தனை தரம் இல்லை என்று சொன்னாளோ, சலிக்காமல் சொன்னாள். நானாக இருந்தால் இரண்டாம் தரத்திலேயே ஒரு அறை விட்டிருப்பேன்.

பயம் ஒரே நாளில் போய்விடவில்லை. வீட்டுச் சுவரில் பயிற்சி செய்யும்போது ரூபி பக்கத்தில் நிற்க வேண்டும், ஆனால் தொடக்கூடாது. ஒரு நாள் உயரம் ஏறியது மறுநாள் ஏறாது. அன்றைக்கெல்லாம் சாப்பிடமாட்டான். சாப்பிடாவிட்டால் தசை எதிலிருந்து வளரும் என்று நிலோபர் திட்டி, முட்டையும் பயறும் கடலையும் கட்டாயமாக்கினாள். கை கொஞ்சம் மேலே வந்ததும் முதுகுக்கும் காலுக்கும் வேலை கொடுத்தாள். இத்தனை வருஷமும் அவன் தோளை மட்டும் வைத்தே வீசியிருக்கிறான், இடுப்பும் முதுகும் சும்மா நின்று வேடிக்கை பார்த்திருக்கின்றன. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, முதுகிலிருந்து கையைக் கொண்டுவரப் பழக்கினாள். ரப்பர் பட்டையைக் கதவில் கட்டி இழுக்கச் சொன்னாள். அந்தப் பட்டை அறுந்து முகத்தில் அடித்துவிடுமோ என்று அதற்கும் ஒரு பயம்.

ஐப்பசி மழை முடிந்து, சபரிமலைக்குப் போகிற சாமிமார் கூட்டம் குற்றாலத்தில் நிரம்பிய சமயத்தில் அவன் கடைக்குத் திரும்பி வந்தான். கை தலைக்கு மேலே வந்துவிட்டது, முழுசாக இல்லை, காதை ஒட்டி நிற்காது, கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடும். அதற்கு மேல் வருமா என்று தெரியாது என்று நிலோபர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். வீரபாகு அண்ணாச்சி மேசையின் காலை அறுத்துக் கொஞ்சம் தணித்து வைத்திருந்தார். மேசை உயரமாக இருந்ததால்தான் தோளைத் தூக்கித் தூக்கி அடிக்க வேண்டியிருந்ததாம், இத்தனை வருஷத்தில் எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

முதல் வீச்சுக்கு அவன் மாவைப் பிடித்தான். நாங்கள் எல்லோரும் வேறு எங்கோ பார்ப்பதாகப் பாவனை செய்தோம். கல்லில் வைத்த பரோட்டா கருகுகிற வாடை வந்தும் யாரும் திருப்பவில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டான். காலை ஊன்றினான். இடுப்பு திரும்பியது, மாவு எழும்பியது, மேசையில் 'சப்' என்று விழுந்து விரிந்தது. கண்ணைத் திறக்கவில்லை. தோளுக்குள் ஏதாவது கேட்கிறதா என்று அப்படியே நின்று கேட்டான். ஒன்றும் கேட்கவில்லை போலிருக்கிறது, மறுபடி வீசினான். உயரமெல்லாம் கிடையாது. யாராவது போனை நீட்டினால், "இதுக்கு மேல போவாது சார்" என்று சொல்லப் பழகிவிட்டான்.

இப்போது கடையில் அவன் வைத்ததுதான் சட்டம். வேலைக்கு முன்னால் எல்லோரும் சுவரோரம் நின்று தோளைச் சுழற்ற வேண்டும். ஒருவரே வீசிக்கொண்டிருக்கக்கூடாது, மாற்றி மாற்றி நிற்க வேண்டும். வலிக்கிறது என்று யாராவது சொன்னால் அவன் முகம் இருண்டுவிடும், உடனே நிலோபரிடம் அனுப்பிவிடுவான். நாங்கள் கேலி செய்வோம். நான்தான் ஜாஸ்தி. "மாஸ்டர் டிரில் மாஸ்டர் ஆயிட்டாரு" என்பேன். அவன் டிரில்லுக்கு நான் மட்டும் போய் நின்றதே இல்லை, வெங்காயம் கிடக்கிறது என்று சொல்லிவிடுவேன்.

மாசி மாதம், கூட்டம் குறைந்த ஒரு மத்தியானம். பார்சல் கட்ட வாழை இலை தீர்ந்துவிட்டது. மேல் தட்டில் இருந்த இலைக் கட்டை எட்டி எடுக்கப் போனேன். பின்னாலிருந்து ஜெபசிங்கின் குரல் வந்தது.

"யக்கா, வலது கையால எடுங்க."

"போலே, ஒன் வேலையப் பாரு."

அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றான். சிரிக்கவில்லை. "ஒரு வாரமா பாக்கேன். கொண்டைய இடது கையால போடுதிய. தண்ணிச் செம்ப இடது கையால எடுக்கிய. தூக்குங்க பாப்போம்."

நான் இதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. தீபாவளி முடிந்ததிலிருந்தே தோளில் ஒரு குடைச்சல். ஜாக்கெட்டின் கை இறுக்கம் என்று ரூபியைத் திட்டினேன், குளிர் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ராத்திரி வலது பக்கம் திரும்பினால் உயிர் போகும், எழுந்து உட்கார்ந்துகொள்வேன். வெங்காயம் வெட்டுகிறவள் அழுதால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், அது வசதியாக இருந்தது. அவன் வீட்டில் போய் அத்தனை வாய் பேசிய எனக்கு, நிலோபரின் மாடிப்படி ஏற மட்டும் தைரியம் வரவில்லை. எனக்கும் அவள் ஒரு பேர் சொல்லிவிடுவாளே.

கையைத் தூக்கினேன். தோள் மட்டம் தாண்டியது, காது வரை வந்தது, அங்கே நின்றுவிட்டது. எவ்வளவு முக்கியும் போகவில்லை. கீழேயும் இறக்க முடியவில்லை, இறக்கினால் என்ன ஆகுமோ என்று கை அப்படியே அந்தரத்தில் நின்றது. எனக்கென்று இருப்பதும் இந்தக் கை ஒன்றுதான், வீட்டில் எனக்கு உருட்டிக் கொடுக்க ஒரு ரூபிகூடக் கிடையாது.

"ஜெபா, எனக்குப் பயமா இருக்குலே" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"இருக்கத்தான் செய்யும் யக்கா. எனக்கு இன்னைக்கும் இருக்கு, ஒவ்வொரு வீச்சுக்கும் இருக்கு. நாளைக்குக் காலையில தென்காசி போவோம். நான் கூட வாறேன்."

கல்லுக்குப் பக்கத்திலிருந்து, மாஸ்டர், மாவு காயுது என்று யாரோ கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை. தன் வலது கையை உயர்த்தி என் முழங்கைக்கு அடியில் கொடுத்து, என் கை பத்திரமாகக் கீழே இறங்கி முடியும் வரை தாங்கிக்கொண்டு நின்றான்.